அப்பாவின் பழைய பிக்கப்பைத் தினசரி வண்டியாக்கலாமா?

36 வயது வாசகர் ஒருவரின் நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அப்பா ஓட்டிய 1966 மாடல் ஃபோர்டு எஃப்-100 பிக்கப், அப்பா காலமான பிறகு ஒன்பது வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஸ்டியரிங் தண்டிலேயே மூன்று கியர், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சீட் பெல்ட் இல்லை. அண்ணன் "எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார். பதிவு இன்னும் அப்பா பெயரில்தான். இவருக்கு இதை அலங்காரத்துக்கு நிறுத்திவைக்க விருப்பமில்லை. தினமும் அலுவலகத்துக்குப் போக 38 கிலோமீட்டர், வர 38 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும், பாதி தூரம் நெடுஞ்சாலை. வழியில் ஐந்து வயது மகளைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். ஒரு பட்டறையில் கேட்டிருக்கிறார். கேபினைத் தூக்கி, சேஸி வரை பிரித்து, பெயின்ட் அடித்து, வி8 இன்ஜினும் ஆட்டோமேட்டிக் கியரும் போட்டு ஆறு மாதத்தில் தருகிறோம், மொத்தத்தில் 60 சதவீதம் முன்பணம் என்றிருக்கிறார்கள். முன்பணத்துக்காக இப்போதைய காரை விற்க நினைக்கிறார். மனைவிக்கு இதில் சம்மதமில்லை. "இந்தக் காலத்துத் தகர டப்பாவைவிட அந்த இரும்பு பாதுகாப்பு என்று எவ்வளவு சொன்னாலும் அவளுக்குப் புரியவில்லை" என்று வருத்தப்பட்டிருக்கிறார். கடைசியில், ஓட்டுநர் பக்கக் கதவின் மேல் விளிம்பில் அப்பா முழங்கை வைத்து வைத்துப் பெயின்ட் தேய்ந்துபோன இடத்தை என்ன செய்வது என்றும் கேட்டிருக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கேள்விகளுக்குள் போகும் முன்னால் ஒன்று. புது பேட்டரி வாங்கிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை ஸ்டார்ட் செய்து பார்க்கப் போகிறேன் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். செய்யாதீர்கள். ஒன்பது வருடம் நின்ற இன்ஜினில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு லேசாகத் துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம். ஏதாவது ஒரு வால்வு இறுகியிருக்கலாம். ஆயில் முழுவதும் வடிந்து கீழே சம்ப்பில் கிடக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு இதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்குச் சுற்றும். நன்றாக இருந்த இன்ஜின் அந்தப் பத்து விநாடியில் கெட்டுப்போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு துளையிலும் துருவை இளக்கும் எண்ணெய் கொஞ்சம் விட்டு இரண்டு நாள் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். எங்காவது தட்டி நின்றால் அதோடு நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பழைய ஆயிலை வடித்து, புது ஆயிலும் ஃபில்டரும் போட்டு, பிளக்குகளைப் போடாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி ஆயில் பிரஷர் வருகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் நெருப்பு. ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து எலி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், பாதி வண்டிகளில் இருக்கும்.

பழைய டேங்கில் கிடக்கும் பெட்ரோலை எக்காரணம் கொண்டும் இன்ஜினுக்கு அனுப்பாதீர்கள். அது பிசினாகியிருக்கும். இந்த வண்டியில் பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: கேபினுக்குள், நீங்கள் சாயும் சீட்டுக்குப் பின்னால். ஒன்பது வருடம் காய்ந்த ரப்பர் குழாய், அதே வண்டியில் புது பேட்டரி. கதவைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை வந்தால், டேங்கைக் காலி செய்து வெளியே எடுக்கும்வரை பேட்டரி வயரையே மாட்டக் கூடாது.

ஒரேயடியாகப் பிரிப்பதா, ஓட்டிக்கொண்டே சரிசெய்வதா

உங்களுக்குத் தினமும் ஓடும் வண்டி வேண்டும். பட்டறைக்காரர் விற்பது கண்காட்சி வண்டி. இரண்டும் வேறு வேறு வேலை. அவரை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்லவில்லை. சேஸி வரை பிரிப்பது ஒரு நியாயமான முறைதான். ஆனால் அதற்கு இடம், பணம், பொறுமை மூன்றும் கடைசிவரை தாக்குப்பிடிக்க வேண்டும். இரண்டு தீர்ந்தாலும் ஒன்று மிஞ்சும் என்ற கணக்கு இதில் இல்லை.

நானே மாட்டியிருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய பிக்கப்பை வாங்கி ஒரே வாரத்தில் நட்டு நட்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு டப்பாவிலும் சீட்டு ஒட்டினேன். முதல் மழைக்காலத்தில் சீட்டுகள் உதிர்ந்தன, இரண்டாம் வருடம் கையில் பணம் தீர்ந்தது, மூன்றாம் வருடம் பின்கதவின் கீல்கள் எந்த டப்பாவில் போயின என்று தெரியவில்லை. நான்காம் வருடம் டப்பாக்களாகவே விற்றேன். வாங்கியவர் வண்டி ஓட்டியாக வேண்டும் என்று வாங்கியவர் இல்லை, உதிரிக்கு வாங்கினார்.

எனவே என் ஆலோசனை: வண்டி தன் சக்கரத்தில் நிற்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் எடுங்கள், அதை முடித்து, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பெயின்ட் கடைசி. ஓட ஆரம்பித்த முதல் ஆறு மாதத்தில் எத்தனை தடவை பானட்டைத் திறந்து ஃபெண்டரில் சாய்வீர்கள் என்று எண்ணினால், முதலில் பெயின்ட் அடிக்கும் யோசனையே வராது.

இதற்கு ஒரே விலக்கு சேஸி. அது உளுத்திருந்தால் பட்டறைக்காரர் சொல்வதுதான் சரி. ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுங்கள், ஜாக்கியை நம்பி அல்ல, ஸ்டாண்டு வைத்து. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் ஹேங்கர்கள், கேபின் உட்காரும் இடங்கள், இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ரிவெட் அடித்த மூட்டுகள்: சேறும் ஈரமும் தங்குவது இங்கேதான். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். மொத்தென்று கேட்டாலோ, ஸ்குரூடிரைவர் முனை உள்ளே இறங்கினாலோ குறித்துக்கொள்ளுங்கள். கேபினின் கீழ் மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, கால் வைக்கும் தரை ஆகிய இடங்களில் துணி சுற்றிய காந்தத்தை ஓட்டிப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, யாரோ எப்போதோ பட்டி பூசியிருக்கிறார்கள். தகடு வெட்டி ஒட்டுவது டின்கரிங் வேலை, செலவு உண்டு, பயமில்லை. சேஸியில் ஓட்டை என்றால் பயம்.

முதலில் நிற்க வேண்டும்

உங்கள் கடிதத்தில் இன்ஜினைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. பிரேக்கைப் பற்றி ஒரே வரி, அதுவும் "டிரம் பிரேக்தான், அப்பா சமாளித்தார்" என்று. அப்பா ஓட்டிய காலத்தில் முன்னால் போன வண்டியும் டிரம்மில்தான் நின்றது. இப்போது உங்களுக்கு முன்னால் போவது ஏபிஎஸ் வைத்த கார். அவர் நிற்கும் தூரத்தில் உங்களால் நிற்க முடியாது.

டிரம்மைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உங்கள் வண்டியில் ஒற்றை அறை கொண்டது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் ஆயில் வழி. எங்கேனும் ஒரு குழாய் வெடித்தால் பெடல் தரைவரை போகும், நான்கும் போய்விடும். அடுத்த வருடமே, 1967 மாடலில், ஃபோர்டு பிக்கப்களுக்கு முன்பக்கம் பின்பக்கம் என்று இரண்டு அறை வந்துவிட்டது. ஆகவே இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டருக்கு மாறுவதுதான் இந்த வண்டியில் முதல் செலவு. அதோடு இரும்புக் குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள், வீல் சிலிண்டர்கள் அத்தனையும் புதிது. பழைய ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பி அடைத்திருக்கும். பெடலை விட்ட பிறகும் சக்கரம் பிடித்துக்கொண்டே இருப்பதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

அடுத்தது முன் சக்கரங்களுக்கு டிஸ்க். 1970களின் ஃபோர்டு பிக்கப்களிலிருந்து எடுத்துப் பொருத்துவது பழகிய வேலை, இதற்கென்றே செட்டாகவும் கிடைக்கிறது. ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டிவிட்டு வரக் கூடாது. பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேண்டும். பிக்கப்பின் பின்பக்கம் காலியாக இருக்கும்போது இறகு மாதிரி. நனைந்த சாலையில் அழுத்தி மிதித்தால் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு வண்டி பம்பரம் சுற்றும். பழைய ஆட்கள் மழைக்காலத்தில் பின் அச்சுக்கு மேலே பாரம் கட்டி ஓட்டியதற்குக் காரணம் இதுதான். நீங்களும் வைக்கலாம், இறுகக் கட்டியிருந்தால் மட்டும். கட்டாத பாரம் திடீர் பிரேக்கில் கேபினுக்குத்தான் வரும்.

பிரேக் டிரம்மைத் திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதாதீர்கள். அந்தக் கால ஷூக்களிலும் கிளட்ச் பிளேட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. தூசி பறக்காதபடி ஈரப்படுத்தித் துடைக்க வேண்டும். பழைய பெயின்டைத் தேய்க்கும்போதும் இதே கவனம், அதில் ஈயம் இருக்கக்கூடும்.

ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்கிறீர்கள். ஸ்டியரிங் பெட்டியைக் குறை சொல்லும் முன் கிங்பின்னை, அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சாணியைப் பாருங்கள். ஃபோர்டு 1965-இல் கொண்டுவந்த இரட்டை ஐ-பீம் முன் அச்சு உங்களுடையது, முரட்டுத்தனமானது, ஆனால் கிரீஸ் கேட்கும். சக்கரத்தைத் தூக்கிவிட்டு மேலேயும் கீழேயும் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் கிங்பின். இந்தச் சோதனைக்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

டயர் "பட்டன் தேயாமல் புதிது போல இருக்கிறது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். தேய்மானத்தை விடுங்கள். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம்: 2314 என்றால் 2014-இன் 23-ஆம் வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் அது 2000-க்கு முந்தைய டயர். பத்து வருடத்தைத் தாண்டிய டயரில் நான் யாரையும் நெடுஞ்சாலைக்கு அனுப்புவதில்லை, பட்டன் எப்படி இருந்தாலும்.

"இரும்பு வண்டி பாதுகாப்பு" என்ற நம்பிக்கை

இதில் நான் உங்கள் மனைவி பக்கம்.

2009-இல் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டு நிறுவனம் தன் 50-ஆம் ஆண்டையொட்டி ஒரு சோதனை செய்தது. 1959 செவ்ரோலே பெல் ஏர் ஒன்றையும் 2009 செவ்ரோலே மாலிபு ஒன்றையும் மணிக்குச் சுமார் 64 கிலோமீட்டர் வேகத்தில் பாதி முகப்போடு பாதி முகப்பு மோதவிட்டார்கள். பழைய காரின் பயணிகள் அறை உள்ளே நொறுங்கியது, ஸ்டியரிங் ஓட்டுநர் பொம்மை மேல் வந்தது. புதிய காரின் முகப்பு கசங்கியது, அறை நின்றது. அந்த ஓட்டுநருக்குக் காலில் சின்னக் காயம் வந்திருக்கும், அவ்வளவுதான். கசங்குவதுதான் புது வண்டியின் வேலை. அடியை அது வாங்கிக்கொள்கிறது. கசங்காத சேஸி அடியை அப்படியே உள்ளே இருப்பவரிடம் கொடுத்துவிடுகிறது.

உங்கள் வண்டியில் மடங்கும் ஸ்டியரிங் தண்டு இல்லை. அது ஒற்றைக் கம்பி, முனை உங்கள் நெஞ்சைப் பார்த்து நிற்கிறது. தலைக்குப் பின்னால் சாய்மானம் இல்லை, கண்ணாடி இருக்கிறது. டேஷ்போர்டு தகடு. பெல்ட் இல்லை. இவற்றில் சிலவற்றை மாற்ற முடியும்: மூன்று முனை பெல்ட் கட்டாயம் போடுங்கள், பின்னால் வந்த வண்டிகளின் மடங்கும் தண்டைப் பொருத்தலாம், பெட்ரோல் டேங்கைக் கேபினிலிருந்து எடுத்துப் பின் தொட்டிக்கு அடியில் சேஸிக்கு நடுவில் மாற்றலாம். டேங்க் மாற்றம் நான் செய்யும் ஒவ்வொரு வண்டிக்கும் செய்கிறேன். பெல்ட்டைப் பொறுத்தவரை, வெறும் தரைத் தகட்டில் துளைபோட்டு போல்ட் மாட்டினால் மோதலில் அது தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும். பின்னால் தடிமனான பலகைத் தகடு வைக்க வேண்டும், தோள் பக்கத்துக்குக் கேபின் தூணையும் உள்ளே பலப்படுத்த வேண்டும். இதை அறிந்தவரிடம் கொடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் உங்கள் மகளைத் தினமும் இதில் அழைத்துப் போக நான் ஒப்ப மாட்டேன். ஒற்றைக் கேபினில் பின் சீட் இல்லை. குழந்தை முன்பக்கம்தான் உட்கார வேண்டும். குழந்தை இருக்கையை முறையாகப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகளும் இதில் இல்லை. பெரியவரான நீங்கள் தெரிந்தே ஒரு ஆபத்தை ஏற்பது உங்கள் உரிமை. அந்த உரிமையை ஐந்து வயதுக் குழந்தைக்காக நீங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. மனைவியிடம் இதை முதலில் ஒத்துக்கொண்டுவிட்டால் மற்ற விஷயங்களை உங்கள் வீட்டில் பேசுவது சுலபமாகும் என்று என் அனுபவம் சொல்கிறது.

இன்ஜினை மாற்றுவது பற்றி

வி8 ஏன் என்று பட்டறைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "சத்தம் நன்றாக இருக்கும்" என்பதைத் தாண்டிப் பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள். இன்ஜின் மாறினால் கியர்பாக்ஸ், தாங்கும் மவுன்ட், ரேடியேட்டர், சைலன்சர், பின் அச்சு, வயரிங் என்று எல்லாம் அதன் பின்னால் வரும். கூடுதல் சக்தியை நிறுத்தப் பிரேக் வேறு. பல நாடுகளில் இன்ஜின் மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்கும் காப்பீட்டாளருக்கும் தெரிவித்தாக வேண்டும். புகை விதிகளும் குறுக்கே வரலாம்.

உங்களிடம் இருக்கும் ஆறு சிலிண்டர் 240 அல்லது 300 கன அங்குலம், அதாவது 3.9 அல்லது 4.9 லிட்டர். ஒரே குடும்பம். கிராங்க்குக்கு ஏழு மெயின் பேரிங், டைமிங்குக்குச் செயின் இல்லாமல் நேரடி கியர். 1965-இல் வந்த 300-ஐ ஃபோர்டு 1996 மாடல் வரை தன் பிக்கப்களில் பொருத்தியது. முப்பது வருடம் ஓடிய இன்ஜின் என்பதால் ஆயில் சீல், பம்ப், கேஸ்கெட் எதற்கும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. தினசரி வண்டிக்கு எனக்கு இதைவிட வேறு தகுதி தெரியாது.

முழு இன்ஜின் வேலை தேவையா என்பதை, ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று அளக்கும் கம்ப்ரஷன் சோதனை சொல்லும். ஆறிலும் மிகக் குறைந்த அளவு, மிக அதிகமானதில் 75 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் தொடாதீர்கள். குறைந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ஈயம் கலக்காத பெட்ரோல் போட்டால் வால்வு உடனே போய்விடும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பழைய பெட்ரோலில் இருந்த ஈயம் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு ஒரு மெல்லிய காப்பாக இருந்தது உண்மை. அது இல்லாமல் நீண்ட நேரம் அதிக வேகத்திலும் பாரத்திலும் ஓட்டினால் அந்த இடம் மெல்லக் குழியும். இது ஆயிரக்கணக்கான கிலோமீட்டரில் நடப்பது, ஒரு டேங்கில் அல்ல. என்றைக்காவது ஹெட்டை இறக்கும்போது கடின வால்வு சீட் போட்டுவிடுங்கள், கதை முடிந்தது. அதைவிட உடனடியாகக் கவனிக்க வேண்டியது எத்தனால். இன்றைய பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் அந்தக் காலத்து ரப்பரைத் தின்றுவிடும். பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்புரேட்டர் கிட் எல்லாம் எத்தனாலைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றுங்கள். ஆயிலிலும் ஒரு சூட்சுமம் உண்டு: இந்த இன்ஜினின் கேம் லிஃப்டர்மேல் உரசி ஓடுவது, அதற்குத் துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த தேய்மானக் காப்பு வேண்டும். இன்றைய கார் ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பழைய இன்ஜின்களுக்கென்று விற்கும் ஆயிலை வாங்குங்கள்.

நெடுஞ்சாலையில் உங்களைக் களைப்பாக்கப் போவது கியர். பின் அச்சு விகிதம் 3.70 என்று வைத்துக்கொண்டால், டயர் உயரம் 71 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்போது, 100 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,770 சுற்று சுற்றும். இன்ஜின் தாங்கும், காது தாங்காது. ஓவர்டிரைவ் உள்ள ஐந்து கியர் பெட்டி போட்டு, மேல் கியர் 0.8 என்றால் அது 2,200-க்கு இறங்கும். வி8-க்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை இங்கே போட்டால் ஒவ்வொரு நாளும் பலன் தெரியும். மைலேஜ் பற்றி மட்டும் கனவு வேண்டாம். லிட்டருக்கு 5 முதல் 7 கிலோமீட்டர். உங்கள் தூரத்துக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டருக்கு மேல் போகும். மாதக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் இருக்க வேண்டியவை

நான் வக்கீல் இல்லை. ஆனால் வண்டி நன்றாகி, குடும்பம் கெட்டுப்போனதைப் பார்த்தவன். பதிவு அப்பா பெயரில் இருக்கும்வரை அது வாரிசுகள் எல்லோருடைய வண்டி. அதில் நீங்கள் போடும் பணமும் பொதுச் சொத்தில் போட்ட பணம் போலத்தான். இன்றைக்குத் துருப்பிடித்து நிற்பதை வேண்டாம் என்ற அண்ணனுக்கு, பளபளவென்று நிற்கும்போது வேறு நினைவு வரலாம்; அவருக்கு வராவிட்டாலும் அவர் பிள்ளைகளுக்கு வரலாம். முதல் நட்டைக் கழற்றும் முன் எழுத்தில் வாங்கி, பெயர் மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதே பதிவுப் புத்தக எண்ணும் சேஸியில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மணல் அடித்துப் பெயின்ட் பூசிய பிறகு அந்த எண்ணைத் தேடுவது கஷ்டம்.

பட்டறையோடு எது பேசினாலும் எழுத்தில். எந்தெந்த வேலை, எந்தெந்தப் பொருள், கூடுதல் வேலை வந்தால் உங்களைக் கேட்காமல் செய்யக் கூடாது, கழற்றிய பழைய பொருள் உங்களுடையது. 60 சதவீத முன்பணம் வேண்டாம். ஒரு கட்ட வேலைக்குப் பொருள் வாங்கும் அளவுக்குக் கொடுங்கள், முடித்ததைப் பார்த்து மீதி. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பல இடங்களில், கூலி பாக்கி இருந்தால் வண்டியைக் கொடுக்காமல் பிடித்துவைக்கப் பட்டறைக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. பிரித்த வண்டி அங்கே, பணம் அவரிடம், பேச்சுவார்த்தை உங்களிடம் என்ற நிலைக்குப் போகாதீர்கள்.

காப்பீடு வாங்கும்போது "பழமையான வண்டி" பாலிசியின் குறைந்த பிரீமியத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலும் வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான், வேலைக்குப் போய்வர ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். மறைத்து எடுத்தால் விபத்தன்று பணம் வராது. தினமும் ஓட்டப் போகிறேன் என்று சொல்லி, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொள்ளும் வகையில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். விற்றால் போட்ட பணம் திரும்பிவிடும் என்ற உங்கள் கணக்கையும் அழித்துவிடுங்கள். புதுப்பித்த வண்டிகளில் மிகச் சிலவே செலவை மீட்கின்றன.

ஆக, இப்போதைய காரை விற்க வேண்டாம். மகள் பள்ளிக்கு அதில் போகட்டும். முதல் கட்டமாகப் பிரேக், கிங்பின், டயர், டேங்க், பெல்ட், ரேடியேட்டர், வயரிங். கையில் இருக்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருங்கள், திறந்த இடத்திலெல்லாம் இன்னொன்று கிடைக்கும். பிறகு ஒரு வருடம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தனியாக அலுவலகத்துக்கு ஓட்டுங்கள். ஒரு மழைக்காலம், ஒரு வெயில்காலம் கடக்கட்டும். எது பழுதாகிறது, எது உங்களைக் களைப்பாக்குகிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அதற்குப் பிறகு காரை விற்பதா என்று யோசியுங்கள். உங்களுக்கே விற்கத் தோன்றாது என்பது என் ஊகம்.

சில்லறைக் கேள்விகள். ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி கொடுக்க உதவும் பழைய சுவிட்சான பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், நல்லது, ஆனால் பழைய பாயின்ட்டையும் கண்டென்சரையும் வண்டியிலேயே வைத்திருங்கள். எலக்ட்ரானிக் பெட்டி முன்னறிவிப்பு இல்லாமல் போகும். ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டாலே வெளிச்சம் கூடும், ஏனென்றால் இப்போது அவ்வளவு கரன்டும் டேஷ்போர்டு சுவிட்சைச் சுற்றி வருகிறது. பழைய ரிஃப்ளெக்டருக்குள் எல்இடி பல்பைச் செருகி எதிரே வருபவரின் கண்ணைக் குத்தாதீர்கள். ஸ்டியரிங் பூட்டு இல்லாத வண்டி இது, எவரும் இரண்டு வயரைத் தொட்டு ஓட்டிப் போகலாம். மறைவான இடத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஒன்று வையுங்கள்.

கதவில் அப்பாவின் முழங்கை தேய்த்த இடத்தை விட்டுவிடுங்கள். அடியில் தெரிவது வெறும் தகடாக இருந்தால் மட்டும் துருவைத் துடைத்துவிட்டு, மேட் கிளியர், அதாவது பளபளக்காத நிறமற்ற பூச்சு, ஒரு கோட் மெல்லியதாக அடித்துவிடுங்கள். கொஞ்ச நாளில் உங்கள் முழங்கை அதையும் தேய்க்கும். அப்போது மறுபடி அடிக்கலாம்.